குடைக் கணக்கு

அன்று என்ன கிழமை என்பதில் எனக்கு இன்னும் சந்தேகம் இருக்கிறது. புதன் என்று நான் நினைக்கிறேன். அம்மா வெள்ளி என்கிறாள். அவளிடம் வண்டி ஓட்டப் பழகிய பல் டாக்டருக்கு வெள்ளிக்கிழமைதான் கார் வகுப்பு, அதனால் வெள்ளியாகத்தான் இருக்க வேண்டும் என்பது அவள் வாதம். அப்பாவைக் கேட்டால் தெரிந்துவிடும். அவருடைய அலுவலகத்தில் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு பக்கம் எழுதி வைத்திருக்கிறார்கள். ஆனால் அந்த நாளைப் பற்றி அவரிடம் கேட்க எனக்கு வாய் வந்ததில்லை.

யார் எதைச் சொன்னார்கள் என்பதையும் நான் கொஞ்சம் மாற்றி வைத்திருக்கலாம். ஒரே நாளைப் பல முறை மனத்துக்குள் ஓட்டிப் பார்த்தால் அது தேய்ந்து வழவழப்பாகிவிடுகிறது. சொல்ல நினைத்து விழுங்கிய வார்த்தைகளைச் சொல்லிவிட்டதாகவே நம்பத் தொடங்கிவிடுகிறோம். முடிந்தவரை நடந்தபடியே சொல்லப் பார்க்கிறேன்.

கடிதம் வந்து நான்கு நாள் ஆகியிருந்தது. என் தங்கை பள்ளிக்கூடத்தின் கடைசி வகுப்பில் இருந்தாள். கட்டடக்கலை படிக்க வேண்டும் என்பது அவள் எட்டு வயதிலிருந்து பிடித்துவைத்திருந்த பிடிவாதம். பல்கலைக்கழகத்துக்கு ஆயிரக்கணக்கானவர்கள் விண்ணப்பிக்கிறார்கள். அவர்களில் நூற்று முப்பது பேரை மட்டும் நேர்முகத் தேர்வுக்கு அழைத்து, எண்பது பேரை எடுத்துக்கொள்கிறார்கள். அந்த நூற்று முப்பதில் அவளும் ஒருத்தி.

வீட்டில் அவளுக்குக் கொசு என்று பெயர். யார் காதருகிலாவது எதையாவது ரீங்கரித்துக்கொண்டே இருப்பாள். பெயர் வைத்தது நான். அதற்காக அவள் என்னை இன்னும் மன்னிக்கவில்லை.

அப்பா வானிலை அலுவலகத்தில் முன்னறிவிப்பாளர். தெருவில் எல்லோருக்கும் அவர் 'மழை சார்'. நாளைக்கு மழை வர எத்தனை சதவீதம் வாய்ப்பு என்று கணித்துக் கையெழுத்துப் போடுவது அவர் வேலை. கடிதம் வந்த அன்று கொசு அவர் முன்னால் போய் நின்றாள்.

"அப்பா, எனக்கு எவ்ளோ?"

அப்பா கடிதத்தை இரண்டு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சுவரைப் பார்த்தார். அவர் சுவரைப் பார்க்கும்போது யாரும் பேசக் கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம்.

"பத்து," என்றார். "பத்து சதவீதம்."

வேறு வீடாக இருந்தால் இதைக் கேட்டு யாராவது சண்டைக்குப் போயிருப்பார்கள். எங்கள் வீட்டில் பத்து என்றால் என்ன என்று எல்லோருக்கும் தெரியும். பத்து என்றால் துணியை மொட்டை மாடியில் காயப்போட்டுவிட்டு வெளியூர் போகலாம். கொசு தலையை ஆட்டினாள். கடிதத்தை மடித்து உறைக்குள் வைத்தாள். அதற்குப் பிறகு நான்கு நாள் அவள் ரீங்கரிக்கவே இல்லை.

அதற்கு ஐந்து வருடம் முன்பு அதே பல்கலைக்கழகத்தின் கடிதத்தோடு நானும் அவர் முன்னால் நின்றேன். எனக்கு அவர் சொன்னது எண்பது. எனக்கு இடம் கிடைக்கவில்லை.

இப்போது நான் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கிறேன்.

---

மதியம் ஒன்றே முக்கால் இருக்கும். மார்புப் படத்துக்காக ஒருவரை நிற்க வைத்திருந்தேன். தோளை முன்னே தள்ளி, தாடையைத் தூக்கி, "மூச்சை நல்லா இழுங்க… அப்படியே பிடிங்க," என்று சொல்லிவிட்டுத் தடுப்புக்குப் பின்னால் வந்து பொத்தானை அழுத்தினேன்.

கதவைத் திறந்துகொண்டு ரெக்கார்டு ரூம் அக்கா வந்தாள். நோயாளிகளின் கோப்புகள் எல்லாம் அவள் பொறுப்பு. கீழ்த்தளத்தில், சன்னல் இல்லாத ஓர் அறையில், இருபது வருடமாக இருக்கிறாள். அவளுடைய மகளும் கொசுவும் ஒரே வகுப்பு, ஒரே பெஞ்சு. அந்தப் பெண் உயரம். கொசுவுக்கு அவள் 'நெட்டை'.

அக்கா என் கையில் ஒரு சாக்லேட் பெட்டியைத் திணித்தாள். முழுப் பெட்டி.

"என்னக்கா, என்ன விசேஷம்?"

"உனக்குத் தெரியாதா? உன் தங்கச்சி சொல்லலையா?" அக்காவின் கண்கள் கலங்கியிருந்தன. "நேத்து சாயங்காலம் அவ விலகிட்டாளாம். பேட்டிக்கு வரலைன்னு எழுதிக் குடுத்துட்டாளாம். காத்திருப்போர் பட்டியல்ல எங்க பொண்ணுதானே முதல்ல? இன்னிக்கு அஞ்சு மணிக்குப் பேட்டிப் பட்டியலை மூடுறாங்க. மூடினதும் இவளைக் கூப்பிடுவாங்க."

நான் பெட்டியை மேசை மேல் வைத்தேன்.

"'எனக்குப் பத்துதான் ஆன்ட்டி, அவளுக்கு அதைவிட ஜாஸ்தி இருக்கும், எதுக்கு ஒரு இடம் வீணாகணும்'னு உன் தங்கச்சி சொல்றா. எந்தப் பிள்ளைம்மா இப்படிச் சொல்லும்? தங்கமான பொண்ணு. உங்கப்பா அம்மா வளர்ப்பு."

"சரிக்கா," என்றேன்.

அவள் போன பிறகு அந்தப் பெட்டியைப் பார்த்தபடி நின்றேன். பத்து. ஒரு சின்ன எண்ணை அப்பா சுவரிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அதை வாங்கிக்கொண்டு போய் அவள் தன் ஒன்பது வருடத்தை இன்னொருத்தியிடம் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள். எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

உள்ளேயிருந்து ஏதோ சத்தம் வந்தது. எட்டிப் பார்த்தேன். அந்த மனிதர் முகமெல்லாம் சிவந்து, கண் பிதுங்கி, இன்னும் அதே நிலையில் நின்றுகொண்டிருந்தார்.

"ஐயையோ, மூச்சை விடுங்க சார்! விடுங்க!"

"நீங்க சொல்லவே இல்லையேம்மா," என்றார் அவர், மூச்சிரைத்தபடி.

பல்கலைக்கழகத்துக்குத் தொலைபேசியில் பேசினேன். எடுத்தவர் சலிக்காமல் சொன்னார். மனம் மாறினால் இன்று ஐந்து மணிக்குள் நேரில் வந்து எழுதிக் கொடுக்கலாம். பெற்றோர் ஒருவர் கூட வர வேண்டும். ஐந்து மணி ஒரு நிமிடம் என்றால் வர வேண்டாம்.

அம்மாவை அழைத்தேன்.

---

அம்மா ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் ஆசிரியை. அவளுடைய காரில் பக்கத்து இருக்கைக்கும் ஒரு பிரேக் உண்டு. பதினாறு வருடமாக அவள் மற்றவர்கள் ஓட்டும் வண்டியை நிறுத்திக்கொண்டிருக்கிறாள்.

அவள் கைபேசியை எடுத்தபோது பல் டாக்டர் ஓட்டிக்கொண்டிருந்தார்.

"டாக்டர், கிளட்ச்சை மெதுவா விடுங்க… மெதுவான்னா வண்டியை நிறுத்தச் சொல்லல… சொல்லுடி, என்ன?"

சொன்னேன். மறுமுனையில் வண்டி நின்றது. பின்னால் யாரோ ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார்கள்.

"டாக்டர்," என்றாள் அம்மா. "இறங்குங்க."

"இன்னும் இருபது நிமிஷம் இருக்கே மேடம்?"

"அடுத்த வாரம் நாப்பது நிமிஷமா எடுத்துக்கங்க. இறங்குங்க."

இரண்டரைக்கு மருத்துவமனை வாசலில் கார் வந்து நின்றது. நான் ஏறியதும் அம்மா வீட்டுக்கு விட்டாள். வீட்டு வாசலில் ஹாரன் அடித்தாள். படிப்பு விடுமுறையில் இருந்த கொசு செருப்பில்லாமல் வெளியே வந்தாள்.

"ஏறு."

"எங்க?"

"ஏறுன்னா ஏறு. செருப்பு போட்டுக்கிட்டு ஏறு."

கொசு என் முகத்தைப் பார்த்ததும் புரிந்துகொண்டாள். "அந்த ஆன்ட்டி சொல்லிட்டாங்களா?"

"சாக்லேட்டோட சொன்னாங்க," என்றேன்.

"இது என் முடிவு. யாரும் மாத்த வேணாம்."

"மாத்தல," என்றாள் அம்மா. "அப்பாவைப் பாக்கப் போறோம். அவ்ளோதான். அவர் வாயால ஒரு விஷயம் கேக்கணும்."

"என்ன விஷயம்?"

"ஏண்டி, நூத்தி முப்பது பேரைக் கூப்பிடுறான், எண்பது பேரை எடுக்குறான். இதுல பத்து சதவீதம் எங்கிருந்து வருது?"

நான் மனத்துக்குள் எண்பதை நூற்று முப்பதால் வகுத்தேன். கொசுவும் வகுத்துக்கொண்டிருந்தாள் என்று அவள் உதடு அசைந்ததிலிருந்து தெரிந்தது. ஐந்தாம் வகுப்புக் கணக்கு. கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்குகிறவள் நான்கு நாளாக அதைப் போட்டுப் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை.

"எனக்கும் இப்பதான் தோணுச்சு," என்றாள் அம்மா, கியரை மாற்றியபடி. "மழை சார் வீட்ல யாரு சன்னலைத் திறந்து வானத்தைப் பாக்குறா? அவர் சொன்னா மழை. இல்லைன்னா வெயில்."

---

வானிலை அலுவலகத்தின் பின்புறம் ஒரு புல்வெளி இருக்கிறது. அதன் நடுவே, கால் வைத்த வெள்ளை மரப்பெட்டி. பக்கவாட்டில் எல்லாம் சாய்ந்த பலகைகள். உள்ளே வெப்பமானிகள். அப்பா கையில் பேரேட்டோடு அதன் முன்னால் நின்றுகொண்டிருந்தார்.

"ஏங்க, உடனே வாங்க," என்றாள் அம்மா வேலிக்கு இந்தப் பக்கத்திலிருந்து.

அப்பா கைக்கடிகாரத்தைக் காட்டினார். "மூணு மணி அளவு எடுக்கணும். இன்னும் ஆறு நிமிஷம்."

"உங்க பொண்ணு சீட்டு போகப் போகுதுங்க!"

"ஆறு நிமிஷம்தானே," என்றார் அப்பா. ஆனால் அவர் கண்கள் கொசுவின் மேல் வந்து நின்றன. அவள் வேலியைப் பிடித்துக்கொண்டு அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த ஆறு நிமிடம்தான் எனக்கு மிக நன்றாக நினைவிருக்கிறது. மற்றதெல்லாம் குழம்பினாலும் அது குழம்பவில்லை. புல் வெட்டிய வாசனை. அம்மா சாவியை விரலில் சுழற்றிக்கொண்டே இருந்தாள். மூன்று மணிக்கு அப்பா பெட்டியைத் திறந்தார், குனிந்தார், எழுதினார், மூடினார். அதே நேரத்தில் எத்தனையோ ஊர்களில் எத்தனையோ பேர் அதே போன்ற பெட்டியைத் திறக்கிறார்கள், யாரும் ஒரு நிமிடம் முந்தவோ பிந்தவோ கூடாது என்று அவர் சின்ன வயதில் எனக்குச் சொல்லியிருக்கிறார். அன்று அந்தப் பெட்டியைப் பிடுங்கி எறிய வேண்டும் போல இருந்தது.

பேரேட்டை உள்ளே கொடுத்துவிட்டு வந்து அப்பா முன் இருக்கையில் ஏறினார். நானும் கொசுவும் பின்னால். பல்கலைக்கழகம் ஊரின் மறுகோடி.

"கால் கீழ பிரேக் இருக்கு, பாத்து," என்றாள் அம்மா.

அப்பாவுக்குக் கார் ஓட்டத் தெரியாது. மனைவி ஊருக்கே சொல்லிக்கொடுக்கிறாள், அவர் மட்டும் கற்றுக்கொள்ளவில்லை. ஓடும் வண்டியில் உட்கார்ந்தாலே அவருக்கு உடம்பு விறைத்துவிடும்.

முதல் சிக்னல் தாண்டியதும் அம்மா நடந்ததைச் சொல்லத் தொடங்கினாள். "உங்க பொண்ணு விலகிட்டாளாம். தன் இடத்தைச் சிநேகிதிக்குக் குடுத்துட்டாளாம். நீங்க சொன்ன பத்தை நம்பி."

கார் குலுங்கி நின்றது. எங்கள் நெற்றி முன் இருக்கையில் போய் இடித்தது.

"காலை எடுங்க!"

"எடுத்துட்டேன்."

"எடுக்கல! அழுத்திக்கிட்டே இருக்கீங்க!"

பின்னால் வந்தவர்கள் எங்கள் வண்டியின் பின்புறம் ஒட்டியிருந்த பயிற்சி வண்டிப் பலகையைப் பார்த்துவிட்டு, பாவம் யாரோ புதிதாகக் கற்றுக்கொள்கிறார்கள் என்று ஒதுங்கிப் போனார்கள். அம்மா கிளப்பினாள்.

"அப்பா," என்றாள் கொசு. "பத்து எப்படி வந்துச்சு?"

அப்பா முன் கண்ணாடி வழியாகவே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு தெரு கடந்தது. ஒரு பாலம் கடந்தது. அவருடைய மௌனங்களோடு வளர்ந்தவள் நான். ஆனால் அன்று அந்த மௌனத்துக்குள் உட்கார முடியவில்லை. மணி மூன்றே முக்கால்.

"சொல்லுங்கப்பா," என்றேன்.

"பத்து இல்ல," என்றார்.

"பின்ன?"

"அறுபதுக்கு மேல. உன் மார்க்கு, நீ வரைஞ்சு அனுப்பின படங்க, எல்லாம் சேத்துப் பாத்தா எழுபதுகூட இருக்கலாம்."

"அப்ப எதுக்குப்பா பத்துன்னு சொன்னீங்க?"

"குடை," என்றார் அப்பா.

யாருக்கும் புரியவில்லை. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஆபீஸ்ல ஒரு பழக்கம் இருக்கு. எழுதி வெச்ச விதி இல்ல, ஆனா எல்லாரும் பண்ணுவோம். மழைக்கு முப்பதுன்னு வந்தா நாப்பத்தஞ்சுன்னு போடுவோம். குடை எடுத்துட்டுப் போயி மழை வரலைன்னா எவனும் நம்மளைத் திட்ட மாட்டான். குடை இல்லாம நனைஞ்சா விடவே மாட்டான். அதனால கொஞ்சம் கெட்ட பக்கமா தள்ளிச் சொல்றது. குடைக் கணக்குன்னு சொல்லுவோம்."

"அதைக் கொண்டாந்து என்கிட்ட போட்டீங்களா?"

"கிடைக்கலைன்னா நீ ரொம்ப நனையக் கூடாதுன்னுதான்…"

"கொஞ்சமா தள்ளினீங்க?" அம்மா ஸ்டியரிங்கை அடித்தாள். "எழுபதைப் பத்தாக்கியிருக்கீங்க! இது குடையா? ஆளையே பெட்டிக்குள்ள போட்டுப் பூட்டுனதுங்க!"

கார் மறுபடி குலுங்கி நின்றது.

"காலை எடுங்கன்னு சொல்றேன்ல!"

"அவளுக்கு எண்பதுன்னு சொன்னேன்," என்றார் அப்பா. காலை எடுக்கவில்லை. திரும்பவும் இல்லை. ஆனால் அது என்னைப் பற்றி என்று எல்லோருக்கும் தெரிந்தது. "அது நெசமான எண்பது. நான் ஒண்ணும் கூட்டல, குறைக்கல. மீதி இருபதுதான் வந்துச்சு. எண்பதுன்னா அதுக்குள்ள ஒரு இருபது இருக்குன்னு நான் அவளுக்குச் சொல்லிக் குடுக்கல. நாப்பது நாள் அவ என்கிட்ட பேசல. சாப்பிட்டாளான்னு இவகிட்ட கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன். இன்னொரு தடவை அந்த வீட்ல என்னால இருக்க முடியாதுன்னு தோணுச்சு."

நான் நாற்பது நாள் எண்ணியதில்லை. அவர் எண்ணியிருக்கிறார்.

எனக்கு அப்போது ஏதாவது சொல்லத் தோன்றியிருக்க வேண்டும். நான் சொன்னதாக நினைவில்லை. அவருடைய பின்கழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சட்டைக் காலரின் ஓரம் நைந்திருந்தது.

"காலை எடுங்கப்பா," என்றாள் கொசு, மெதுவாக.

அப்பா காலை எடுத்து, இருக்கையின் மேல் மடக்கி, சப்பணமிட்டு உட்கார்ந்துகொண்டார். அதன் பிறகு வண்டி ஓடியது.

---

"நான் திரும்ப எடுத்துக்க மாட்டேன்," என்று கொசு ஆரம்பித்தாள், சற்று தூரம் போனதும். "அவகிட்ட சொல்லிட்டேன். அவ அழுதா. அவங்க வீட்ல எல்லாரும் அழுதாங்களாம்."

"சரி, வேணாம்," என்றாள் அம்மா.

"என்ன வேணாம்?"

"திரும்ப எடுத்துக்க வேணாம். நீ அவ்ளோ பெரிய மனசோட குடுத்தது, இருக்கட்டும். வண்டியைத் திருப்பிடவா?"

கொசு சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் ஆடியது. அழுகிறாள் என்று நினைத்தேன். கோபம்.

"பெரிய மனசும் இல்ல, ஒண்ணும் இல்ல," என்றாள். "பத்துன்னு நினைச்சுத்தான் குடுத்தேன். எப்படியும் கிடைக்காததைத்தானே குடுக்குறோம்னு குடுத்தேன். அறுபதுன்னு தெரிஞ்சிருந்தா குடுத்திருக்கவே மாட்டேன். அவ்ளோ நல்லவ இல்லப்பா நான். இப்ப அவங்க எல்லாரும் என்னைத் தங்கம்னு சொல்றாங்க. என்னை என்ன பண்ணி வெச்சிருக்கீங்க நீங்க?"

அப்பா மடக்கிய காலைக் கையால் பிடித்துக்கொண்டார்.

"அவளுக்கு எவ்ளோ?" என்று கேட்டாள் கொசு.

"யாருக்கு?"

"நெட்டைக்கு. அவ பேட்டிக்குப் போனா எவ்ளோ? சரியா சொல்லுங்க. குடை இல்லாம."

"தெரியாதும்மா," என்றார். "அந்தப் பொண்ணைப் பத்தி என்கிட்ட ஒரு அளவும் இல்ல. இல்லாததை வெச்சு ஒரு எண்ணைச் சொல்ல மாட்டேன். இனிமே மாட்டேன்."

அம்மா வண்டியைத் திருப்பவில்லை. கொசு திருப்பச் சொல்லவும் இல்லை.

---

நான்கு நாற்பதுக்கு உள்ளே போனோம். நீளமான தாழ்வாரம். கடைசியில் சேர்க்கை அலுவலகம். வாசலுக்கு வெளியே ஒரு பெஞ்சு. அதில் நெட்டையும் அவள் அம்மாவும் உட்கார்ந்திருந்தார்கள். நெட்டையின் மடியில் பிளாஸ்டிக் உறை போட்ட கோப்பு. ஐந்து மணிக்குக் கூப்பிடும்போது சான்றிதழோடு தயாராக இருக்க வேண்டும் என்று முன்பே வந்துவிட்டார்கள்.

ரெக்கார்டு ரூம் அக்கா என்னைப் பார்த்துச் சிரிக்கத் தொடங்கினாள். பிறகு என் பின்னால் வந்த அப்பாவைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. கோப்பு படித்துப் பழகியவள், எங்கள் முகங்களையும் படித்துவிட்டாள்.

அப்பா நேராக உள்ளே போனார். எழுத்தர் ஒரு படிவத்தைத் தள்ளினார்.

"மேல பொண்ணு பேரு, பதிவு எண். கீழ காரணம். அதைக் காலியா விட முடியாது சார்."

அப்பா எழுதினார். நான் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தேன். 'முன்னறிவிப்பில் பிழை. பிழை முன்னறிவித்தவருடையது.' கையெழுத்து. அதன் கீழே பழக்கதோஷத்தில் நேரம்: 4.44.

எழுத்தர் படித்துவிட்டு நிமிர்ந்தார். "இது என்ன சார்? உடம்பு சரியில்லாம இருந்துச்சுன்னு போடுங்களேன், போதும்."

"இல்ல. இதுதான் காரணம்."

"சரி. பொண்ணு கையெழுத்து?"

கொசு உள்ளே வரவில்லை. பெஞ்சின் முன்னால் நின்றுகொண்டிருந்தாள். நெட்டை உட்கார்ந்திருந்தும் இருவர் முகமும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் இருந்தன.

"அப்பா தப்பா சொல்லிட்டாருடி," என்றாள் கொசு.

"உங்கப்பாவா? அவர் தப்பா சொல்ல மாட்டாருன்னு நீதானே எப்பவும் பீத்திக்குவ?"

"வேணும்னே தப்பா சொல்லிட்டாரு. எனக்கு அறுபதுக்கு மேலயாம்."

நெட்டை கோப்பின் உறையை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள். தாழ்வாரத்துக் கடிகாரத்தின் முள் நகரும் சத்தம் கேட்டது. நான்கு ஐம்பது. அக்கா மகளின் கையைத் தொடப் போனாள், பிறகு கையை எடுத்துக்கொண்டாள்.

"இங்க பாரு," என்றாள் நெட்டை. "நீ கையெழுத்துப் போட்டா நான் வீட்டுக்குப் போய் அழுவேன். போடலைன்னா சந்தோஷப்படுவேன். உன்னைப் போடுன்னு என் வாயால சொல்ல மாட்டேன். போடாதன்னும் சொல்ல மாட்டேன். எதுவா இருந்தாலும் சீக்கிரம் பண்ணு. இங்க உக்காந்திருக்க முடியல."

கொசு அசையவில்லை. அம்மா சுவரோடு சாய்ந்து நின்றாள். வலது கால் மட்டும் தரையை அழுத்தி அழுத்தி எடுத்துக்கொண்டிருந்தது. அது அவளுக்கே தெரிந்திருக்காது.

நான்கு ஐம்பத்து மூன்று.

"எனக்கு வேணும்டி," என்றாள் கொசு. குரல் வெளியே வரவே இல்லை. இன்னொரு முறை சொன்னாள். "எனக்கு அது வேணும்."

"தெரியும்," என்றாள் நெட்டை. "எனக்கும்தான்."

கொசு உள்ளே போனாள். பேனா முதலில் எழுதவில்லை. எழுத்தர் தன் பேனாவைக் கொடுத்தார். அவள் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்தபோது பெஞ்சு காலியாக இருந்தது. தாழ்வாரத்தின் மறுமுனையில் நெட்டை வேகமாக நடந்து போய்க்கொண்டிருந்தாள். அவள் அம்மா மட்டும் பாதி வழியில் நின்று, திரும்பி வந்தாள். எங்களைத் தாண்டி அப்பாவிடம் போனாள். மிகத் தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னாள். நான்கைந்து வார்த்தைதான் இருக்கும். அப்பா தலையை ஆட்டினார். அவள் போய்விட்டாள்.

"என்னங்க சொன்னாங்க?" என்று அம்மா காரில் கேட்டாள்.

அப்பா காலை மடக்கி உட்கார்ந்து சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இனி யார் யார் என்ன ஆனோம் என்று சொல்லிவிடுகிறேன். கொசு ஒன்பது நாள் கழித்துப் பேட்டிக்குப் போனாள். இடம் கிடைத்தது. இப்போது நான்காம் ஆண்டு படிக்கிறாள். அந்த வருடம் காத்திருப்போர் பட்டியலிலிருந்து யாரையும் கூப்பிடவில்லை. நெட்டை வேறோர் ஊரில் அதே படிப்பைப் படிக்கிறாள், நன்றாகப் படிக்கிறாள் என்று கேள்வி. இருவரும் பேசிக்கொள்வதில்லை. பல் டாக்டர் நான்காவது முயற்சியில் உரிமம் வாங்கினார். அம்மா இன்னும் பக்கத்து இருக்கையில்தான் இருக்கிறாள். அப்பா மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு முன்னறிவிப்புப் பிரிவிலிருந்து கருவிகள் பிரிவுக்கு மாறிவிட்டார். அளவு எடுக்கிறார், எழுதுகிறார், அதோடு சரி. நான் அதே எக்ஸ்ரே அறையில் இருக்கிறேன். படங்களை நானே கீழ்த்தளத்துக்குக் கொண்டுபோகிறேன். ரெக்கார்டு ரூம் அக்கா வாங்கி, கையெழுத்துப் போட்டு, அலமாரியில் வைக்கிறாள். "சாப்பிட்டியா?" என்று கேட்கிறாள். "சாப்பிட்டேன்க்கா," என்கிறேன். அன்று தாழ்வாரத்தில் அவள் அப்பாவிடம் சொன்னது என்னவென்று அவளும் சொன்னதில்லை, அப்பாவும் சொன்னதில்லை.